பால்கன் நாடுகளில் ரயிலும் பஸ்ஸுமாக 22 இரவுகள்: முழுமையான வழிகாட்டி

பால்கன் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். வரைபடத்தில் பிடித்த ஊர்களுக்கு வட்டம் போடுவார்கள், விடுதிகளைப் பதிவு செய்வார்கள், அப்புறம் ஊர்களை ரயிலால் இணைக்கப் பார்ப்பார்கள். அங்கேதான் எல்லாம் சிக்கிக்கொள்ளும். பாதி இடங்களுக்கு ரயிலே கிடையாது. மீதி இடங்களில் விசா இடிக்கும்.

நான் குரோஷியாவில் தொடங்கி பல்கேரியாவில் முடியும் ஒரு வழியில் போய்வந்தபின் நண்பர்கள் சிலருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் தடுமாறிய இடங்களைப் பார்த்ததில் ஒரு வரிசை பிடிபட்டது. முதலில் எல்லைகள், பிறகு ரயில், பிறகு பஸ், கடைசியில்தான் தங்குமிடம். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. இது இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு எழுதியது. இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் விசா பகுதியை மட்டும் அந்தந்தத் தூதரகத்தில் தனியாகச் சரிபாருங்கள். மற்றதெல்லாம் பொருந்தும்.

## 1. எத்தனை முறை ஷெங்கனுக்குள் நுழையப் போகிறீர்கள்?

ஷெங்கன் என்பது ஒரே விசாவில், உள் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதி. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் அதில் இருக்கிறது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் நில எல்லைகளோடு முழுமையாகச் சேர்ந்துவிட்டன. போஸ்னியா, செர்பியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, வட மாசிடோனியா, கொசோவோ ஆறும் வெளியே இருக்கின்றன. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். 2022-ல் எழுதியதில் இந்தப் படமே வேறு.

வெளியே இருக்கும் ஆறு நாடுகளுக்கும் தனித்தனியாக விசா எடுக்க வேண்டியதில்லை. செல்லுபடியாகும், பலமுறை நுழையக்கூடிய ஷெங்கன் விசா இருந்தால் போதும். செர்பியா 180 நாளில் 90 நாள் வரை விடும். போஸ்னியாவும் மாண்டினீக்ரோவும் 30 நாள் வரை, வட மாசிடோனியாவும் கொசோவோவும் 15 நாள் வரை. அல்பேனியா ஒரு நிபந்தனை வைக்கிறது: அந்த விசாவை ஏற்கெனவே ஒருமுறையாவது பயன்படுத்தி ஷெங்கனுக்குள் போயிருக்க வேண்டும். வட மாசிடோனியாவின் நிபந்தனை வேறு: நீங்கள் கிளம்பும் நாளுக்குப் பிறகும் விசாவில் குறைந்தது ஐந்து நாள் மிச்சம் இருக்க வேண்டும்.

ஆகவே விண்ணப்பத்தில் 'பலமுறை நுழைவு' என்று கேட்டே ஆக வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, காரணமும் காட்ட வேண்டும். குரோஷியாவின் ஸ்ப்ளிட்டில் ஷெங்கனை விட்டு வெளியேறி, பல்கேரியாவின் சோஃபியாவுக்காக மறுபடி நுழைகிறேன் என்பதை நாள்வாரியாக எழுதி இணையுங்கள். குரோஷியாவில் ஐந்து இரவு, பல்கேரியாவில் இரண்டு என்றால் குரோஷியாவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஷெங்கனுக்குள் எங்கே அதிக நாள் என்பதுதான் கணக்கு, மொத்தப் பயணத்தில் எங்கே அதிக நாள் என்பது இல்லை.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். ஆனால் அதை நம்பாதீர்கள், மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கட்டணம் 90 யூரோ. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அந்தக் காப்பீடு ஷெங்கனுக்கு மட்டும் என்றில்லாமல் செர்பியா, அல்பேனியா போன்ற நாடுகளையும் சேர்த்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மலிவான திட்டங்கள் பலவற்றில் அது இருக்காது. இந்தப் பயணத்தில் மூன்றில் இரண்டு பங்கு நாட்கள் ஷெங்கனுக்கு வெளியேதான் கழிகின்றன.

விசா கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: நுழைவுகளின் எண்ணிக்கை, தங்கலாம் என்று கொடுத்த நாட்கள், செல்லுபடி முடியும் தேதி. என் நண்பர் ஒருவர் குரோஷியாவில் இருக்கும் ஐந்து நாளுக்கான தேதியை மட்டும் விண்ணப்பத்தில் எழுதினார். விசாவும் அந்தக் குறுகிய காலத்துக்கு மட்டும் செல்லுபடியாவதாகத்தான் வந்தது. சோஃபியாவுக்குள் நுழையும் நாளுக்கு வெகுநாள் முன்பே அது முடிந்துவிடும். முதல் நுழைவின் தேதியையும் கடைசி வெளியேற்றத்தின் தேதியையும் எழுத வேண்டும்.

ஒருமுறை நுழைவுதான் கிடைத்தது என்றால் இந்த வழியை விட்டுவிட்டு வேறு வழி எடுங்கள். தெசலோனிக்கியிலிருந்து பஸ்ஸில் சோஃபியா, அங்கிருந்து வெலிகோ தர்னோவோ, புகாரெஸ்ட், பிராஷோவ். கிரீஸ், பல்கேரியா, ருமேனியா மூன்றும் ஷெங்கன் என்பதால் ஒரே நுழைவில் முடிந்துவிடும். நல்ல பயணம்தான் அதுவும்.

## 2. நாடுகளின் வரிசை

குரோஷியாவில் தொடங்கி பல்கேரியாவில் முடியுங்கள். ஸாக்ரெப், ஸ்ப்ளிட் (குரோஷியா), மோஸ்டார், சரயேவோ (போஸ்னியா), பெல்கிரேடு (செர்பியா), பார், கோடோர் (மாண்டினீக்ரோ), ஷ்கோடர், டிரானா (அல்பேனியா), ஓஹ்ரிட், ஸ்கோப்யே (வட மாசிடோனியா), சோஃபியா (பல்கேரியா).

முதலில் குரோஷியா ஏன்? அல்பேனியாவின் நிபந்தனை அங்கேயே நிறைவேறிவிடும். டிரானாவுக்குப் போகும்போது விசாவில் ஷெங்கன் முத்திரையோ பதிவோ இருக்கும். தலைகீழாக, டிரானாவில் இறங்கித் தொடங்கலாம் என்று புது விசாவோடு கிளம்பினால் இங்கே விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

அடுத்த சிக்கல் கொசோவோ. அல்பேனியா வழியாகவோ மாசிடோனியா வழியாகவோ கொசோவோவுக்குள் போய்விட்டு அங்கிருந்து செர்பியாவுக்குள் நுழையப் பார்த்தால் செர்பிய எல்லையில் திருப்பி அனுப்புவார்கள். கொசோவோவைத் தங்கள் நிலமாகவே செர்பியா கருதுவதால், நீங்கள் முறையான வழியில் நாட்டுக்குள் நுழையவில்லை என்பது அவர்கள் வாதம். இந்தியாவும் கொசோவோவைத் தனி நாடாக அங்கீகரிக்கவில்லை. அங்கே பாஸ்போர்ட் தொலைந்தால் உதவி கிடைப்பது கடினம். போக ஆசை என்றால் செர்பியாவை முழுக்க முடித்து, மாண்டினீக்ரோ வழியாக வெளியேறிய பின் டிரானாவிலிருந்து பிரிஸ்ரென், பிரிஷ்டினா, ஸ்கோப்யே என்று போங்கள். மேலே கொடுத்த வரிசை அதற்கும் இடம் கொடுக்கிறது.

ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகிறவர்களுக்கு இன்னொன்று. நடுவில் நேயும் என்ற இடத்தில் போஸ்னியாவின் கடற்கரைத் துண்டு குறுக்கிடும். 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அதைச் சுற்றிக்கொண்டு குரோஷியாவுக்குள்ளேயே போய்விடலாம். டிக்கெட் வாங்கும்போது பஸ் பாலத்தின் வழியாகப் போகிறதா என்று கேளுங்கள். நேயும் வழி என்றால் ஒரு வெளியேற்றம், ஒரு நுழைவு கணக்கில் ஏறும்.

## 3. ரயில் எங்கே உண்டு, எங்கே இல்லை

பெல்கிரேடு–சரயேவோ ரயில் இல்லை. சரயேவோ–ஸாக்ரெப் இல்லை. பெல்கிரேடு–ஸாக்ரெப் 2020-லிருந்து ஓடவில்லை. டுப்ரோவ்னிக்குக்குத் தண்டவாளமே இல்லை, 1976-ல் மூடிவிட்டார்கள். டிரானாவின் ரயில் நிலையத்தை 2013-ல் இடித்துவிட்டார்கள். ஸ்கோப்யே–சோஃபியாவுக்கு நேரடிப் பாதை கிடையாது. இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம், பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டாக வரும் யூரெயில் பாஸை வாங்கிவிட்டு வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வழியில் பாஸ் வேண்டாம். தனித்தனி டிக்கெட்டே மலிவு.

ரயிலில் போக வேண்டிய பகுதிகள் மூன்று. ஸாக்ரெப்–ஸ்ப்ளிட் பகல் ரயில், சுமார் ஆறு மணி நேரம். மோஸ்டார்–சரயேவோ, சுமார் இரண்டு மணி நேரம். பெல்கிரேடு–பார், அது ஒரு முழு இரவு அல்லது முழுப் பகல்.

மோஸ்டார்–சரயேவோவுக்கு நாளுக்கு இரண்டே ரயில், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலை ரயில் விடியலிலேயே கிளம்பிவிடும் என்பதால் பலரும் மாலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோடை நீண்ட பகலில் பரவாயில்லை. செப்டம்பர் கடைசிக்கு மேல் என்றால் பாதி வழியில் இருட்டிவிடும். நெரெத்வா ஆற்றை ஒட்டி, யாப்லனிட்சா ஏரியைத் தாண்டி, பிராடினா மலையில் வண்டி வளைந்து வளைந்து ஏறும்போது கீழே நாம் சற்றுமுன் வந்த தண்டவாளமே தெரியும். அதை இருட்டில் கடந்தால் போனது போனதுதான். காலை ரயிலையே பிடியுங்கள்.

நேர அட்டவணையை அந்தந்த நாட்டு ரயில்வேயின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். செர்பியாவுக்கு ஸ்ர்பியா வோஸ், போஸ்னியப் பகுதிக்கு ஷெஃப்பேஹா (ŽFBH). பொதுவான பயணச் செயலிகள் நின்றுபோன ரயில்களைக்கூட இன்னும் காட்டிக்கொண்டிருக்கும். தளத்தில் பார்த்ததை முந்தைய நாள் நிலையத்துக்குப் போய் டிக்கெட் ஜன்னலில் ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள். பராமரிப்பு வேலை என்று ஒரு பகுதிக்கு பஸ் விடுவதெல்லாம் சகஜம்.

## 4. பெல்கிரேடு–பார்: இதற்காகப் பயணத் தேதிகளை மாற்றுங்கள்

இந்தப் பாதை 476 கிலோமீட்டர். 1976-ல் திறந்தது. 254 சுரங்கங்கள், 435 பாலங்கள். மொத்தப் பயணத்தில் ஒன்றுக்காக மற்றதையெல்லாம் நகர்த்தலாம் என்றால் அது இதற்காகத்தான்.

முதல் படி, எந்த ரயில் என்று முடிவு செய்வது. இரவு ரயில் ஆண்டு முழுக்க உண்டு. பகல் ரயில் கோடையில் மட்டும். ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் பகல் ரயிலை எடுக்கலாம், பதினோரு பன்னிரண்டு மணி நேரம் உட்காரத் தெம்பு இருந்தால். மே, ஜூன், செப்டம்பரில் இரவு ரயில். அழகான பகுதி முழுக்க கடைசி மூன்று மணி நேரத்தில், மாண்டினீக்ரோ மலைகளில் இருக்கும் கொலாஷினுக்குப் பிறகுதான் வருகிறது. மே, ஜூனில் வண்டி அங்கே வரும்போது விடிந்திருக்கும்.

இரண்டாவது, டிக்கெட். இரண்டு மூன்று நாள் முன்பாக பெல்கிரேடு நிலையத்தில் சர்வதேச டிக்கெட் ஜன்னலில் வாங்குங்கள். டிக்கெட் ஒன்று, படுக்கைக்கான முன்பதிவு இன்னொன்று. இரண்டும் தனித்தனிச் சீட்டாக வரும். புதிதாகப் போகிறவர்கள் முதல் சீட்டை வாங்கியதும் வேலை முடிந்தது என்று வந்துவிடுகிறார்கள், ரயிலில் படுக்கை இருக்காது. ஜன்னலைவிட்டு நகருமுன் இரண்டு சீட்டும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, நிலையம். பெல்கிரேடின் பழைய பெரிய நிலையம் 2018-ல் மூடப்பட்டது. வழிகாட்டிப் புத்தகப் படங்களில் இருக்கும் அந்த மஞ்சள் கட்டடத்துக்குப் போய் நிற்காதீர்கள். இப்போதைய பிரதான நிலையம் ப்ரோகோப். ஆனால் பார் ரயில் சில காலம் தோப்சிதேர் நிலையத்திலிருந்தும் கிளம்பியிருக்கிறது. சீட்டில் அச்சாகியிருக்கும் நிலையப் பெயரைப் படியுங்கள். 2025 ஜனவரி முதல் பெல்கிரேடு நகரப் பஸ், டிராமெல்லாம் இலவசம். ஆகவே முந்தைய நாளே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரக் காசு செலவில்லை.

நான்காவது, தண்ணீரும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். வண்டியில் எதுவும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, உட்காரும் பக்கம். தெற்கே பார் நோக்கிப் போகும்போது வலப்பக்கம். மொராச்சா பள்ளத்தாக்கின் கிழக்குச் சரிவில் உயரத்தில் தண்டவாளம் போகிறது. ஆறும் பள்ளமும் வலப்பக்கமே விழுகின்றன.

நான் போனது ஜூன் முதல் வாரம். நடுராத்திரி தாண்டி செர்பிய போலீஸ் கதவைத் தட்டினார், பிறகு மாண்டினீக்ரோ போலீஸ். இரண்டு முறை எழுந்த பிறகு நல்ல தூக்கம் வந்தது. கொலாஷினுக்கு அலாரம் வைத்திருந்தேன். 1,032 மீட்டர், பாதையின் உச்சி அது. தாழ்வாரத்தில் ஜன்னலைக் கீழே இறக்கியபோது ஈரப் புல் வாசனையும் பிரேக் சூடும் கலந்து வந்தது. அதன் பிறகு ஆயிரம் மீட்டர் இறக்கம். சுரங்கம், ஒரு விநாடி வெளிச்சம், மறுபடி சுரங்கம். ஒரு வெளிச்சத்தில் மட்டும் சக்கரச் சத்தம் சட்டென்று மாறியது, கீழே தரை இல்லாத மாதிரி. மாலா ரியேகா பாலம், 198 மீட்டர் உயரம். பக்கத்து அறைப் பாட்டி அதற்காகவே எழுந்து வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அலாரம் வைக்காமல் மாண்டினீக்ரோவின் தலைநகர் போட்கோரிட்சாவில் கண்விழித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஆனாலோ, இருட்டும் மாதங்களில் போனாலோ, வழி உண்டு. போட்கோரிட்சாவில் ஓர் இரவு தங்கி, அங்கிருந்து பியேலோ போல்யே போகும் உள்ளூர் ரயிலில் பகலில் கொலாஷின் வரை ஏறி இறங்கலாம். சில யூரோதான் ஆகும். போட்கோரிட்சாவில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அலைச்சலும் இல்லை.

## 5. பஸ்: ஊருக்கு எத்தனை நிலையம்?

பால்கனில் பஸ்ஸைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் நேரத்தில் தவறுவதில்லை, நிலையத்தில்தான் தவறுகிறார்கள்.

சரயேவோவில் இரண்டு பஸ் நிலையங்கள். ஒன்று ரயில் நிலையத்தை ஒட்டி, இன்னொன்று கிழக்கு சரயேவோவில். பெல்கிரேடுக்கும் மாண்டினீக்ரோவுக்கும் போகும் பஸ்களில் பல கிழக்கு நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. நகரத்து நிலையத்தின் பலகையில் அவை இருக்காது. என் நண்பர்கள் இருவர் ரயில் நிலையத்துப் பக்கம் அரைமணி நேரம் முன்பே போய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பஸ் பத்துக் கிலோமீட்டர் தள்ளி வேறெங்கோ கிளம்பிப் போய்விட்டது. 103-ஆம் எண் டிராலிபஸ் டோப்ரின்யா வரை போகும், அங்கிருந்து கிழக்கு நிலையம் சில நிமிட நடை.

மோஸ்டாரிலும் இரண்டு. ரயில் நிலையத்தை ஒட்டிய கிழக்கு நிலையம்தான் பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியது. பெல்கிரேடில் 2024-லிருந்து பஸ் நிலையம் புதிய பெல்கிரேடுக்கு மாறிவிட்டது. டிரானாவில் எல்லாத் திசைக்கும் சேர்த்து ஒரே நிலையம் என்பதே இல்லை, போகும் ஊரைச் சொல்லி விடுதியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

செர்பியாவிலும் பல ஊர்களிலும் டிக்கெட்டோடு நடைமேடைச் சீட்டு ஒன்று தனியாக வேண்டும். பெரோன்ஸ்கா கார்ட்டா என்பார்கள். இணையத்தில் பஸ் டிக்கெட் வாங்கியவர்களுக்கு இது தெரியாது. கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது தடுப்புக் கதவில் நிறுத்திவிடுவார்கள். அதனால் முப்பது நிமிடம் முன்பே போய் ஜன்னலில் கேட்டுவிடுங்கள்.

அடியில் வைக்கும் பைக்கு ஓட்டுநரிடமோ உதவியாளரிடமோ ஒன்றோ இரண்டோ யூரோ கொடுக்க வேண்டும், ரொக்கமாக, சில்லறையாக. ஏமாற்று என்று நினைத்து வாதாடாதீர்கள், அங்கே வழக்கமே அதுதான்.

அல்பேனியாவில் சிற்றூர்களுக்கு ஃபுர்கோன் என்ற மினி வேன்கள். நிரம்பினால் கிளம்பும். காலை எட்டு மணிக்குள் போனால் வண்டி கிடைக்கும். மதியத்துக்கு மேல் பல ஊர்களுக்குக் கிடையாது.

வார்த்தைகள் கொஞ்சம்: போலாஸாக் என்றால் புறப்பாடு, தோலாஸாக் வருகை, பெரோன் நடைமேடை, கஸ்னி என்றால் தாமதம். செர்பியா, மாசிடோனியா, பல்கேரியாவில் பலகைகள் சிரிலிக் எழுத்தில் இருக்கும். ஆங்கில சி போல இருப்பது 'ஸ', எச் போல இருப்பது 'ந', எக்ஸ் போல இருப்பது 'ஹ'. ஒரு மாலை உட்கார்ந்து எழுத்துகளைக் கற்றுக்கொண்டால் மூன்று நாட்டில் உதவும்.

## 6. எல்லையில் என்ன செய்வது

பஸ் நின்றதும் உதவியாளர் பாஸ்போர்ட்டுகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு போவார். பயப்பட வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் பெரும்பாலும் கடைசியாகத் திரும்பும், சில சமயம் உங்களைக் கீழே கூப்பிடுவார்கள். அதிகாரி தொலைபேசியில் விதியைச் சரிபார்ப்பார். அதற்காகத்தான் ஒவ்வொரு நாட்டின் வெளியுறவுத் துறைத் தளத்திலும் இந்தியர்களுக்கான பக்கத்தை அச்செடுத்து வைக்கச் சொல்கிறேன். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு புதிதாக எடுங்கள், விதிகள் மாறுகின்றன. செர்பியா 2022 முடியும் வரை இந்தியர்களை விசா இல்லாமலே விட்டது, 2023 ஜனவரியிலிருந்து இல்லை. சென்னை விமான நிலையத்தில் செக்-இன் செய்பவரிடமும் இந்தத் தாள்களே பேசும்.

கீழே இறங்கும் முன் பஸ்ஸின் எண் பலகையைப் படம் எடுங்கள். கோடையில் ஒரே நிறத்தில் நாலு பஸ் நிற்கும். கைப்பையை இருக்கையில் விடாதீர்கள். கழிப்பறைக்குப் போவதானால் உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகை, முகப்படம் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. சோஃபியாவுக்குள் நுழையும் நாளில் அடுத்த ரயிலையோ விமானத்தையோ நெருக்கிப் போடாதீர்கள். அதோடு பல்கேரிய நேரம் ஒரு மணி முன்னே. ஸ்கோப்யேயில் ஏறும்போதே ஒரு மணி நேரம் இழந்ததாகக் கணக்கிடுங்கள்.

## 7. பணம்

குரோஷியா, மாண்டினீக்ரோ, கொசோவோ, 2026 ஜனவரி முதல் பல்கேரியா, எல்லாம் யூரோ. போஸ்னியாவில் மார்க், ஒரு யூரோவுக்கு 1.95583 என்று நிலையான மதிப்பு, ஆகவே பாதியாக வகுத்தால் போதும். செர்பியாவில் தினார், வட மாசிடோனியாவில் டெனார், அல்பேனியாவில் லெக்.

போஸ்னிய மார்க்கை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோனால் மாற்றுவது கடினம். டெனாரும் அப்படித்தான். கடைசி நாள் சாப்பாட்டுக்கும் பைக்கட்டணத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை முந்தைய நாளே மாற்றிவிடுங்கள்.

ஏடிஎம்மில் 'உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கட்டுமா' என்று ஒரு திரை வரும். மறுத்துவிடுங்கள். ஒப்புக்கொண்டால் இயந்திரம் வைத்ததுதான் விலை. இதைத் தவிர 50 யூரோவைச் சின்ன நோட்டுகளாகத் தனியே வைத்திருங்கள். ஹாஸ்டல் படுக்கை, உள்ளூர் சாப்பாடு, பஸ் சேர்த்து எனக்கு நாளுக்கு 45 முதல் 55 யூரோ ஆனது. குரோஷியக் கடற்கரையில் அது போதவில்லை.

## 8. தங்குமிடமும் பதிவும்

செர்பியாவில் வந்த 24 மணி நேரத்துக்குள் தங்கும் முகவரி போலீஸில் பதிவாக வேண்டும். விடுதிகள் தாமாகச் செய்துவிடும். தனியார் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் செய்ய வேண்டும். 'வெள்ளை அட்டை' தாருங்கள் என்று கேளுங்கள், பேலி கார்ட்டோன். மாண்டினீக்ரோவிலும் பதிவு, சுற்றுலா வரி உண்டு. ரசீதுகளை நாட்டைவிட்டு வெளியேறும் வரை பத்திரப்படுத்துங்கள்.

## 9. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

சரயேவோவின் பழைய கடைத்தெரு பஷ்சர்ஷியாவில் ஒரு கடை. காலை ஏழு மணி. கரி மூடியைச் சங்கிலியால் தூக்கி, சுருள் சுருளாக வெந்த மாவை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார் அக்கா ஒருவர். செர்பியாவில் பழகிய நண்பர் 'சீஸ் புரெக்' என்று கேட்டார். அக்கா கரண்டியை வைத்துவிட்டு, பொறுமையாக ஒவ்வொரு தட்டாகக் காட்டினார். 'புரெக்' என்று இறைச்சி. அடுத்தது சீஸ், 'சிர்னிட்சா'. அதற்கடுத்தது கீரை, 'ஸெல்யானிட்சா'. கடைசியில் உருளைக்கிழங்கு, 'க்ரோம்பிருஷா'. போஸ்னியாவில் புரெக் என்றால் இறைச்சி மட்டுமே. செர்பியாவில்தான் சீஸ் புரெக். இந்த நாலு பெயர் தெரிந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது.

செர்பியாவில் 'போஸ்னோ' என்று எழுதியிருந்தால் நோன்பு உணவு, முட்டையும் பாலும் இறைச்சியும் இருக்காது, மீன் இருக்கலாம். ப்ரெப்ரானட்ஸ் என்பது அடுப்பில் வெந்த பீன்ஸ், மாசிடோனியாவில் அதற்குத் தவ்ச்சே க்ராவ்ச்சே என்று பெயர். இரண்டிலும் சில கடைகளில் இறைச்சித் துண்டு போடுவார்கள். 'பெஸ் மேஸா', இறைச்சி இல்லாமல், என்று சொல்லிவிடுங்கள்.

## 10. பை, சிம்

40 லிட்டர் பை, எட்டு ஒன்பது கிலோவுக்குள். பழைய ஊர்களில் கல்படி, சக்கரப் பெட்டி உருளாது. இரண்டு உருண்டை முள் பிளக் இருக்கும் சார்ஜர் அல்லது அடாப்டர் வேண்டும்.

குரோஷியாவில் வாங்கிய சிம் போஸ்னியாவுக்குள் போனதும் பெரும்பாலும் கட்டணம் ஏறும். ஆனால் வெளியே இருக்கும் ஆறு நாடுகளும் 2021 ஜூலை முதல் தங்களுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணத்தை நீக்கிவிட்டன. போஸ்னியாவிலோ செர்பியாவிலோ ரோமிங் சேர்ந்த சிம் ஒன்று வாங்கினால் ஸ்கோப்யே வரை ஓடும். வாங்கும்போதே ரோமிங் அளவைக் கேளுங்கள்.

## 11. நாட்களைப் பிரிப்பது

ஸாக்ரெப் 2 இரவு, ஸ்ப்ளிட் 3, மோஸ்டார் 2, சரயேவோ 3, பெல்கிரேடு 2, ரயிலில் 1, கோடோர் 2, ஷ்கோடர் 1, டிரானா 1, ஓஹ்ரிட் 2, ஸ்கோப்யே 1, சோஃபியா 2. மொத்தம் 22. ஒரே நாளில் இரண்டு எல்லை வரும்படி எங்கும் போடவில்லை. ஒரு பஸ் தாமதமானால் அன்றைய மாலைதான் போகும், மறுநாள் தப்பிவிடும்.

நாள் குறைவாக இருந்தால் ஸ்ப்ளிட்டில் ஓர் இரவு, பெல்கிரேடில் ஓர் இரவு குறையுங்கள். குரோஷியா இரவுகளைப் பல்கேரியாவைவிடக் குறைத்துவிடாதீர்கள், விசா அதை வைத்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

விடுதிகளில் பெல்கிரேடையும் கோடோரையும் மட்டும் கடைசி வரை ரத்து செய்யக்கூடியதாகப் போடுங்கள். பார் ரயிலின் தேதி டிக்கெட் ஜன்னலில்தான் உறுதியாகும், முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஊரும் அதற்கேற்ப நகர வேண்டியிருக்கும்.

கூடுதலாக இரண்டு நாள் கிடைத்தால் அதைச் சோஃபியாவில் சேர்த்து, செப்டெம்வ்ரியிலிருந்து டோப்ரினிஷ்டே போகும் குறுகிய பாதை ரயிலில் ஏறுங்கள். 125 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம், வழியில் 1,267 மீட்டர் உயரத்தில் அவ்ராமோவோ நிலையம். பான்ஸ்கோவில் இறங்கி ஓர் இரவு தங்கி, மறுநாள் பஸ்ஸில் சோஃபியா திரும்பலாம். திரும்பும் விமானம் அதற்கடுத்த நாளாக இருக்கட்டும்.